கருப்பாகப் போகும், பயப்படாதீர்கள்

சோழபுரத்து முதியவர்களுக்கு ரத்தம் குறைவு என்பதை நான் முதலில் நம்பவில்லை. ரத்தம் சோதிக்கிற என்னுடைய ஆசிட் பாட்டில் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நம்பினேன். ஒரு ஊரே வெளுத்துப்போய் வரிசையில் நிற்கிறது, ஒருத்தன் பாட்டில் மேல் பழியைப் போடுகிறான் என்றால் அவன் எப்பேர்ப்பட்ட அறிவாளியாக இருக்க வேண்டும். அந்த அறிவாளி நான்தான்.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு போன். ராஜபாளையம் பக்கத்தில் நான் கடைசியாக வேலை பார்த்த ஆரம்ப சுகாதார நிலையத்தில், என் நாற்காலியில் இப்போது ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, பழைய மிசினை மாத்திப் புதுசு குடுத்துருக்காங்க. அறுபது வயசுக்கு மேல வாரவுகளுக்கு எல்லாம் ரத்தம் கம்மியாவே காட்டுது. மிசின்ல ஏதும் கோளாறா இருக்குமோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. என்னைப் போலவே இன்னொரு அறிவாளி துறைக்குள் வந்துவிட்டாள் என்ற சந்தோஷம். அப்புறம் செபமாலை அம்மாவின் ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது. "மிசின் நல்லாத்தான் இருக்கும் தாயி" என்று மட்டும் போனில் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

மதுரையில் டிப்ளமோ படித்தேன். என் வயசுப் பையன்கள் காதல் கடிதம் எழுதிய காலத்தில் நான் அடுத்தவர் மூத்திரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். படிப்பைப் பற்றி அவ்வளவுதான். பிறகு லேப் டெக்னீஷியன் வேலை, சொந்த மாவட்டத்துக்குள்ளேயே மாறி மாறி. மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து கழுத்து எலும்பு தேய்ந்து, முழு வயது வருமுன்னே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். கூட வேலை பார்த்தவர்களிடம் தங்கராஜைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். "யாரு, பதறு தங்கராஜா?" என்பார்கள். பட்டப்பெயர் சும்மா வந்ததில்லை. வந்த கதைதான் சோழபுரம்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. சோழபுரத்தில் முதியோருக்கு ஒரு முகாம். மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த ஹாலில் எனக்கு ஜன்னலோரமாக ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள். ஜன்னல் முக்கியம். அப்போதெல்லாம் ரத்தத்தில் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்று பார்ப்பது கண்ணால்தான். கோடு போட்ட சின்னக் கண்ணாடிக் குழாயில் அடிக்கோடு வரை ஆசிட் எடுத்துக்கொள்ள வேண்டும். மோதிர விரலைத் துடைத்து, குத்தி, முதல் சொட்டைப் பஞ்சால் ஒற்றி எறிந்துவிட வேண்டும். இரண்டாவது சொட்டு தானாக வர வேண்டும். அவசரப்பட்டு விரலை அமுக்கினால் ரத்தத்தோடு உடம்பு நீரும் சேர்ந்து வந்து கணக்கு பொய்யாகிவிடும். அதைப் பிப்பெட்டில் உறிஞ்சி ஆசிட்டுக்குள் பதமாக ஊதி, கொஞ்ச நேரம் காத்திருந்தால் டிகாஷன் நிறத்துக்கு வரும். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, பக்கத்தில் பதித்திருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒத்துப்போகும் இடத்துக் கோடுதான் விடை. நல்ல ரத்தம் நிறையத் தண்ணீர் குடிக்கும். கெட்டிக் குழம்பு மாதிரி.

பெண்களுக்குப் பன்னிரண்டு கிராமாவது இருக்க வேண்டும், ஆண்களுக்குப் பதின்மூன்று. முதலில் வந்த களை பறிக்கிற அம்மாவுக்கு எட்டு. அடுத்து, மில்லில் ஓய்வு பெற்றவர், ஒன்பது. அதற்கடுத்து எட்டரை. அப்புறம் ஏழு. நாலு சொட்டுத் தண்ணீர் விடுவதற்குள் குழாய் வெளுத்தது. பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தேன். ஆசிட்டில் எவனோ தண்ணீரைக் கலந்துவிட்டான், வேலை போகப்போகிறது, வீட்டில் பெண் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் விரலையே குத்திப் பார்த்தேன். பதினாலு. நம்பாமல் அடுத்த விரலைக் குத்தினேன். பதினாலு. ஜீப் டிரைவரைக் கூப்பிட்டு அவர் விரலையும் குத்தினேன்.

"ஏலே, ஆசிட்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லுதே. அப்பொறம் எனக்கு மட்டும் எப்படிலே பதினாலு காட்டுது?" என்றார் அவர்.

"அதான் எனக்கும் புரியல."

"புரியாதவன் கையில போயி ஊசியக் குடுத்துருக்காக பாரு."

கடைசியில் முகாமுக்கு வந்திருந்த டாக்டர் எஸ்தர் முன்னால் போய் நின்றேன். பிற்காலத்தில் நான் பல வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன், அவர் குரல் உயர்ந்து கேட்டதில்லை. ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேலதிகாரியே வந்து நின்றாலும் நிமிரமாட்டார். அன்றைக்கும் ஒரு பெரியவரின் நெஞ்சில் குழலை வைத்திருந்தார். முடித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து, மாட்டி, அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"மேடம், முகாமை நிறுத்திருவோமா? பாட்டில் சரியில்ல."

"உங்க விரலை எத்தன தடவ குத்துனீங்க?"

கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "ஏழு, மேடம்."

"பாட்டில் நல்லாருக்குன்னு ஏழு தடவ சொல்லியிருக்கு. நீங்க வெளிய வாங்க."

வரிசையில் நின்றவர்களிடம் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொருவராக, கீழ் இமையைக் கட்டை விரலால் இழுத்து எனக்குக் காட்டினார். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்த வேட்டி மாதிரி இருந்தது. அடுத்தவருக்கும் அப்படி. அதற்கடுத்தவருக்கும். ஒரு பெரியவர் இமையைக் கொடுத்தபடியே, "வயசாச்சுல்லா டாக்டரம்மா. செத்த நேரம் நடந்தா மூச்சு வாங்குது, அம்புட்டுதான்" என்றார். அவர் பின்னால் நின்றவர்களும் தலையாட்டினார்கள். அன்று சரியான எண்ணோடு வீட்டுக்குப் போனவர்களை ஒரே ஆட்டோவில் ஏற்றியிருக்கலாம். டிரைவருக்குப் பக்கத்தில் இடம்கூட மிஞ்சியிருக்கும்.

அது சோழபுரத்தின் விசேஷம் என்று கொஞ்ச நாள் நினைத்தேன். வ. புதுப்பட்டியில் பார்த்தேன், கிருஷ்ணன்கோவிலில் பார்த்தேன், அங்கேயும் அதே வெளுத்த வேட்டிதான். பல் போனபின் கறியும் கீரையும் போய்விடுகிறது. வடித்த கஞ்சியும் ஊறுகாயும், மேலே பாலில்லாத ஒரு கட்டங்காப்பி. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் என்ன மிச்சமோ அது. மூலத்தில் வருடக்கணக்காக ரத்தம் போகும், வெட்கத்தில் சொல்லமாட்டார்கள். சிலருக்குக் கிட்னி, சிலருக்குப் புற்று. கர்ப்பிணி வந்தால் அட்டை, எடை, மாத்திரை என்று தாங்குகிறோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கிழமை பார்த்து மாத்திரை கொடுக்கிறோம். அறுபதைத் தாண்டியவர் படியேற முடியாமல் நின்றால் ஊர் கொடுக்கிற மருந்து ஒன்றுதான்: வயசாச்சு. அதை மூச்சு வாங்குகிறவரே சொல்லிக்கொள்கிறார் என்பதுதான் என்னால் கடைசிவரை ஜோக்காக மாற்ற முடியாத விஷயம்.

டாக்டர் எஸ்தரிடம் ஒரு வழக்கம் உண்டு. ரத்தம் குறைந்து வரும் முதியவர் யாராக இருந்தாலும், மஞ்சப்பையோ கூடையோ, அவர் கொண்டுவந்ததை மேஜை மேல் கொட்டச் சொல்வார். "பையைக் கொட்டுங்க" என்பது எங்கள் நிலையத்தில் பிரசித்தம். வெற்றிலை, மூக்குப்பொடி, பஸ் டிக்கெட், பேரனுக்கு வாங்கிய பால்பன், எல்லாம் விழும். கூடவே காகிதத்தில் மடித்த மாத்திரை விழும். அதற்காகத்தான் கொட்டச் சொல்வது. நம் பக்கம் மெடிக்கல் கடையில் "மேலு வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்றால் போதும், மூன்று நிறத்தில் மூன்று மாத்திரை கத்தரித்துக் கொடுப்பார்கள். சீட்டு வேண்டாம், பெயர் வேண்டாம். வலி போய்விடும். வயிற்றுக்குள் புண் வருவது தெரியாது.

"ரத்தம் கம்மின்னு எழுதிக் குடுக்கறதோட உங்க வேல முடிஞ்சுருது தங்கராஜ்" என்பார் டாக்டர். "எந்த ஓட்டை வழியா போச்சுன்னு தேடுறப்ப என் வேல ஆரம்பிக்குது."

செபமாலை அம்மாவின் பை முதன்முதலில் கொட்டப்பட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். அறுபத்தைந்து அறுபத்தாறு இருக்கும். பேண்டேஜ் துணி நெய்யும் ஊர்க்காரர், அங்கே ஒரு கம்பெனியில் நாள் முழுதும் தரையில் உட்கார்ந்து துணியைச் சுருட்டிக் கட்டும் வேலை. ஊர் ஊராகப் புண்ணைக் கட்டப்போகிற துணி அவர் கை வழியாகத்தான் போயிற்று. ரத்தம் எடுக்கப் போன என்னைப் பார்த்ததும், "வாலே கொசு" என்றார். அன்றிலிருந்து நான் கொசு.

எண் எட்டு. பையில் ஜெபமாலை, கண்ணாடிக் கூடு, ஒரு செட்டு மாத்திரை.

"இது என்னம்மா?"

"முட்டிக்கு, டாக்டர். இது இல்லாட்டி தரையில உக்கார முடியாது. உக்காரலைன்னா வேல இல்ல. வேல இல்லைன்னா மருமக கையப் பாக்கணும். அதுக்கு நான் கர்த்தர்கிட்டயே போயிருவேன்."

"இத நிறுத்தலைன்னா சீக்கிரமே போயிருவீங்க" என்றார் டாக்டர், சிரிக்காமல். வயிற்றுக்கு ஒரு மாத்திரையும், முட்டிக்குத் தடவ மருந்தும், ரத்தத்துக்கு இரும்புச் சத்து மாத்திரையும் எழுதினார். மருந்து ஜன்னலில் எங்கள் பார்மசிஸ்ட் முருகேசன். இரும்பு மாத்திரை வாங்குகிற எல்லாருக்கும் அவர் ஒரு வாக்கியம் சொல்வார். மாத்திரை சாப்பிட்டால் மலம் கருப்பாகப் போகும், அதைக் கண்டு மிரண்டு பாதிப் பேர் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், அதற்காக. நல்ல வாக்கியம். நாங்கள் எல்லாருமே சொல்லுவோம்.

"கருப்பாப் போகும், பயப்படாதீக."

அடுத்த மாதம் டாக்டர் எஸ்தர் பயிற்சிக்காக மதுரை போயிருந்தார். அவருக்குப் பதிலாக ஒரு இளம் டாக்டர், இரண்டு நிலையங்களைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல பையன். ஆனால் வரிசை ரோடு வரைக்கும் நின்றது, யார் பையையும் கொட்ட நேரமில்லை. செபமாலை அம்மா வந்தார். அதற்குச் சில வருடம் முன்பே லேபுக்கு மிசின் வந்துவிட்டது. மிசின் ஏழு என்றது.

மாத்திரை சாப்பிட்டால் ஏற வேண்டும், இறங்கியிருக்கிறது. மிசினைச் சந்தேகப்பட்டு, பீரோவுக்குள் கிடந்த பழைய கண்ணாடிக் குழாயைத் தூசி தட்டி எடுத்து, ஜன்னலோரம் போய்ச் சொட்டுச் சொட்டாகக் கலக்கினேன். ஏழுதான். சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாங்களா?" என்றார் அவர்.

முருகேசன் ஜன்னலில் இருந்தே பதில் சொன்னார். "கேட்டேன் சார். நீ சொன்னாப்புல கருப்பாத்தான் போகுதுய்யான்னு அவுகளே சொன்னாக."

"அப்ப சாப்பிடுறாங்க. வயசானவங்க, ஏற நாளாகும். இன்னொரு மாசம் குடுங்க."

என் பதற்றம் ஒரு விசித்திரமான பிராணி. டாக்டர் ஒருவர் காரணம் சொல்லிவிட்டால் வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்துவிடும். அன்றும் படுத்தது. செபமாலை அம்மா மாத்திரை அட்டைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு, போகிறபோக்கில் சொன்னார். "என்ன கொசு, என் ரத்தம் ருசியா இல்லையா? மூஞ்சி ஒரு மாதிரி இருக்கே."

"சப்புன்னு இருக்கும்மா. உப்பு போட்டுச் சாப்பிடுங்க."

அதற்கடுத்த மாதம் அவர் வந்தபோது டாக்டர் எஸ்தர் திரும்பியிருந்தார். செபமாலை அம்மா வாசற்படியில் ஒரு தடவை, பெஞ்சில் ஒரு தடவை, லேப் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை என்று நின்று நின்று வந்தார். உதடும் முகமும் ஒரே நிறம், அவர் சுருட்டுகிற துணியின் நிறம். ஊசி போட்டு உறிஞ்சியபோது ட்யூபுக்குள் வந்ததைப் பார்த்தேன். அது ரத்தம் மாதிரி இல்லை, ரத்தம் பட்ட பாத்திரத்தைக் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. மிசின் நாலு என்றது. இந்தத் தடவை பழைய குழாயை எடுக்கவில்லை. ஓடிய வேகத்தில் ஸ்டூலைத் தட்டிவிட்டு, அதற்குமேல் நானும் விழுந்து, எழுந்து டாக்டர் அறைக்குள் போனேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். செபமாலை அம்மாவும் சிரிக்கப் பார்த்தார், மூச்சு போதவில்லை.

டாக்டர் அவரைக் கட்டிலில் படுக்க வைத்தார். இமையை இழுத்துப் பார்த்தார். நாடி பிடித்தார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னார். அப்புறம், எந்த அவசரமும் இல்லாதவர் மாதிரி, "பையைக் கொட்டுங்க தங்கராஜ்" என்றார்.

கொட்டினேன். ஜெபமாலை விழுந்தது, கண்ணாடிக் கூடு விழுந்தது. பிறகு இரும்பு மாத்திரை அட்டைகள் விழுந்தன. ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கி வைத்த அட்டைகள். நாங்கள் இரண்டு மாதமும் கொடுத்தவை.

"இதெல்லாம் சாப்பிடலையாம்மா?"

"வயித்தப் பெரட்டுது டாக்டர். முதல்ல ரெண்டு போட்டுப் பாத்தேன். வாந்தி வாந்தியா வந்துச்சு."

"அப்ப ஏம்மா மறுபடி வாங்கிட்டுப் போனீங்க?"

"நீங்கல்லாம் அக்கறையாக் குடுக்கீக. வேண்டாம்னு எப்படிச் சொல்ல? வீணாக்காமப் பத்திரமா வச்சிருக்கேன், வேற யாருக்காச்சும் குடுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"கருப்பாப் போகுதுன்னு சொன்னீங்களாமே."

"ஆமா. தார் மாதிரி."

"மாத்திரை சாப்பிடாம எப்படிம்மா கருப்பாப் போகும்?"

செபமாலை அம்மா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். முருகேசனும் ஜன்னலை விட்டு வந்து நின்றிருந்தார்.

"நீங்கதான போகும்னு சொன்னீக. பயப்படாதன்னு இந்தத் தம்பிதான சொன்னாரு. அதான் நான் பயப்படல."

வயிற்றில் ரத்தம் கசிந்தாலும் மலம் அப்படித்தான் கருப்பாகப் போகும். தார் மாதிரி. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். மாத்திரை சாப்பிடுகிறார் என்பதற்கு அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டிருந்தோம்.

"செட்டு மாத்திரை?" என்றார் டாக்டர்.

"அது பையில இல்ல. நீங்க கொட்டச் சொல்வீகன்னு தெரியும்ல." கொஞ்சம் வெட்கப்பட்டார். "சோத்து வாளியில வச்சிருக்கேன். தெனம் காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. முட்டி கேக்கமாட்டேங்குது."

ரத்தம் ஏற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ரத்த வங்கியில் பேச, வகை பார்த்த சீட்டும் சாம்பிளுமாக நானும் ஆம்புலன்ஸில் ஏறினேன். மகனும் மருமகளும் வேலையிடத்திலிருந்து நேரே அங்கே வந்துவிடுவதாகச் சொன்னார்கள். ஆக்சிஜன் குழாயை விலக்கிவிட்டு அந்த அம்மா பேசிக்கொண்டே வந்தார். நான் பேசாதீர்கள் என்று சொல்லச் சொல்ல, என் குரல் கீச்சுக் கீச்சென்று போனது அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

"ஏலே கொசு, எனக்கா ஒனக்கா முடியாம இருக்கு? நீ படு, நான் உக்காந்துக்கிடுதேன்."

"பேசாம வாங்கம்மா."

"இம்புட்டு நாளா என் ரத்தத்த எத்தன குழாயில குடிச்ச? இன்னைக்குத் திருப்பிக் குடு."

கோபுரம் தெரிகிற இடம் வந்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். "ஆண்டாளு கோவிலுக்கு ஏம்மா சிலுவை?" என்றேன். "பெரிய எடத்துக்காரி வீட்டத் தாண்டிப் போறோம். ஒரு மரியாதைதான்" என்றார். அதுதான் அவர் முழுசாகச் சொல்லி முடித்த கடைசி வாக்கியம்.

வங்கியில் அவர் வகை ரத்தம் இருந்தது. எடுத்த அளவுக்குத் திருப்பித் தர ஆள் வேண்டும் என்றார்கள். அவர் வகையும் என் வகையும் ஒன்றுதான், சட்டைக் கையைச் சுருட்டினேன். ஆயுசு முழுக்க அடுத்தவர் விரலைக் குத்திய நான், என் கையில் அந்தத் தடித்த ஊசி இறங்கியதைப் பார்த்து மயங்கிவிட்டேன். கண் விழித்தபோது ஒரு நர்ஸ் என் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார். "லேப் டெக்னீஷியனா நீங்க?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

முருகேசன் இப்போதும் இரும்பு மாத்திரை கொடுக்கிறார். வாக்கியத்தை மட்டும் மாற்றிவிட்டார். முதலில், "இப்ப என்ன நெறத்துல போகுது?" என்று கேட்கிறார். அடுத்த மாதம் பழைய அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, காலியான குழிகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் புதியதைக் கொடுக்கிறார். வரிசை நீள்கிறது, ஏசுகிறார்கள். டாக்டர் எஸ்தர் பையோடு சோற்று வாளியையும் திறக்கச் சொல்ல ஆரம்பித்தார். என் நாற்காலியில் இருக்கும் தங்கச்சியும் அவர்கள் இருவரும் என்ன செய்கிறார்கள் என்று போய்ப் பார்க்கட்டும். மிசினைக் கழற்ற வேண்டாம்.

அன்று மயக்கம் தெளிந்து, கொடுத்த ஜூஸைக் குடித்துவிட்டு, வார்டுக்குப் போனேன். செபமாலை அம்மாவின் மூக்கு வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டிருந்தார்கள். அதில் கருப்பாகத்தான் வந்துகொண்டிருந்தது. முதல் பை ரத்தம் ஏறி முடிந்து, இரண்டாவது பை பாதி ஏறியிருந்தபோது அவர் இறந்தார். துட்டி கேட்டு ஆறுதல் சொல்ல வந்தவர்கள், "வயசாச்சுல்லா" என்றார்கள். ஆம்புலன்ஸில் ஏறும்போது எடுத்துப் போட்டுக்கொண்ட மாத்திரை அட்டைகள் என் சட்டைப் பையிலேயே இருந்தன. முதல் அட்டையில் இரண்டு குழி காலியாக இருந்தது. மற்றவையெல்லாம் நிறைந்திருந்தன.